தானாகத் திரும்பிய கேமரா

மாரிக்கண்ணன் ராணுவத்தில் சேர்ந்தது ரேடியோ பிடிக்க. இடையில், கம்ப்யூட்டருக்கும் காவல் வேண்டும் என்று மேலிடத்துக்கு ஞானம் பிறந்து, முகாமின் பழைய அரிசிக் குடோனில் அவரோடு சிலரை உட்கார வைத்தார்கள். துப்பாக்கி தரவில்லை. ஃபேன் தந்தார்கள், அதுவும் கம்ப்யூட்டருக்கு.

மென்பொருள் ஓட்டைகளில் பெரியதாகப் பார்த்து அடைத்தார்கள். சில்லறை என்று தள்ளி வைத்த ஒன்றின் வழியாக எவனோ உள்ளே வந்து, ராணுவ லாரிகள் போகும் பாதையைப் படித்துவிட்டுப் போனான். லாரிகள் அன்று கிளம்பாதது அதிர்ஷ்டம். ஓட்டையின் அளவைப் பார்க்கக் கூடாது, எதில் எவன் கை விட்டிருக்கிறான், உள்ளே இருப்பது யார் உயிர் என்று பார்க்க வேண்டும் என மாரிக்கண்ணன் அன்று பயந்து கற்றார். அந்தப் பயமும் பென்ஷனோடு ஊருக்கு வந்தது.

இப்போது ஏழாயிரம்பண்ணையில், ஜெயச்சந்திரன் அண்ணாச்சியின் பட்டாசு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறார். மனைவி பொன்மணிக்கு அங்கேயே மருந்து அடைக்கும் அறையில் வேலை. அந்த அறையின் கேமராவும், சூடு ஏறினால் அடிக்கும் அலாரமும் ஒரே பெட்டியில். அண்ணாச்சி மதுரையில் காபி குடித்தபடி பார்ப்பதற்காக அதை இன்டர்நெட்டில் கோர்த்திருந்தார்கள். பெட்டியைச் செய்தவன் எப்போதோ கடையைக் கட்டிவிட்டான்; அதன் ஓட்டையை அடைக்க இனி ஆளில்லை.

தீபாவளி சீசனில் கம்ப்யூட்டர் ஓட்டைகளைச் சோதிக்க வந்தவர்கள், பில் போடும் கம்ப்யூட்டருக்கு அவசரம் என்று சிவப்புக் குறியும், கேமராப் பெட்டிக்கு மெதுவாகப் பார்க்கலாம் என்று மஞ்சளும் போட்டுவிட்டுப் போனார்கள்.

"சிவப்ப முதல்ல பாருப்பா" என்றார் அன்று கம்பெனிக்கு வந்திருந்த அண்ணாச்சி.

மாரிக்கண்ணன் மருந்து அறை தெரியும் திரையைக் காட்டினார். கேமரா மெல்லத் தலையைத் திருப்பியது. மருந்துத் தட்டில் நின்றது. பிறகு பொன்மணியின் கைகளுக்கு வந்தது.

"நீங்களா திருப்புதீக, அண்ணாச்சி?"

"என் போனு சார்ஜர்ல கெடக்கு."

"நானும் தொடல."

"காத்துல திரும்பியிருக்கும்."

"அறைக்குள்ள ஏது காத்து? கேமராவத் திருப்புறவன் அலாரத்தையும் அமத்திருவான்!"

 ராணுவக்காரர் பெட்டியின் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். இனி வெளியிலிருந்து எவனும் அமர்த்த முடியாது; அலாரம் அறையிலேயே அடிக்கும். அண்ணாச்சி போனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அண்ணாச்சிக்கு அதுதான் பெரிய விபத்து.

"இன்னைக்கு இருக்கட்டும். நாளைக்கு மாட்டிரு. ஆளுக வேலை பாக்காகளான்னு எனக்குத் தெரியணும்ல?"

சாயங்காலம் வேனருகே எல்லாவற்றையும் பொன்மணியிடம் சொன்னார். "நாளைக்கு நீ வராத."

"ஏன், மத்தவளுக உசுரு மட்டும் மஞ்சக் குறியா? வயரு எங்க?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிடுங்கிச் சுருட்டி, காலித் தூக்குச்சட்டியில் அமுக்கி மூடினாள்.

"நான் வருவேன். இது வராது."

வேன் கிளம்பியது. சாத்தூர்க் கடைகளில் அண்ணாச்சிக்கு இதே வயர் கிடைக்கும் என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை.