படத்தில் இல்லாத வீடு

திருகோணமலைப் பள்ளிக்கூடமொன்றில் சித்திரம் படிப்பித்த தியாகலிங்கம், எண்பத்தைந்தாம் ஆண்டில் ரொறன்ரோவில் படங்களுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். குயீன் வீதிக் கடை. முதலாளி வேரோனிக்கா, போலந்துக்காரி. மனைவி தவமலரும் மகளும் இன்னும் ஊரில், துறைமுகத்தைப் பார்த்த சரிவு வீட்டில்.

மாசியில் தவமலர் எழுதியிருந்தாள்: ஆமி முகாமிலிருந்து ஒருவர் வந்து, வீட்டு வளவின் மேல்பக்கம் நின்று, கீழே தெரிகிற துறைமுகத்தைப் படமாகக் கீறுகிறாராம். மரியாதையான ஆளாம்.

"கீறுறவருக்கு நிழல் வேணும். வேம்புக்குக் கீழை கதிரை போட்டுக்குடும், தேத்தண்ணியும் குடும்" என்று இவர் பதில் போட்டார்.

அறையில் கூட இருந்த நவரட்ணம் விடவில்லை. "வாத்தியார், முகாம்காரனுக்கு உங்கட வீட்டில தேத்தண்ணி. நல்லாயிருக்கு."

"உவர் படம் கீறுறவர், நவம். துவக்குக்காரன் இல்லை."

பங்குனியில் கடைக்கு ஒரு பழைய நீர்வர்ணப் படம் வந்தது. அதே துறைமுகம். கீறியவர் ஹார்வுட் என்ற வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி. படத்தோடு வந்த அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்து அட்டையில் அழகாக எழுதித் தரும்படி வேரோனிக்கா கேட்டாள்.

பன்னிரண்டு வயதில் கப்பலேறியவர். அலையும் பாய்மரமும் அவர் கைக்கு அப்படி வந்தன. கரைகளைக் கீறியது பீரங்கிக்கு இடம் பார்க்க. குண்டின் வழிக்குக் குறுக்கே நிற்கும் குடிசைகளை அவர் கீறாமல் விடுவார். படம் மேலிடத்துக்குப் போகும். அடுத்த மாரிக்குள் அந்தக் கரையும் படத்தைப் போலவே வெறுமையாகிவிடும்.

தியாகலிங்கம் பேனையை வைத்துவிட்டுப் படத்தண்டை குனிந்தார். குன்றுக்குக் கீழே, தன் வீடு நிற்கிற சரிவில், வெறும் புல்.

வேரோனிக்காவிடம் அனுமதி கேட்டு, அங்கே பொழுதுபடுகிற நேரம் பார்த்து, அயல்வீட்டுக் குணவதியின் கடைக்கு ரெலிபோன் எடுத்தார். தவமலர் ஓடிவந்த மூச்சு கேட்டது.

"அந்த ஆள் இன்னும் வாறவரோ?"

"இண்டைக்கு முடிச்சிட்டார். எனக்கும் காட்டினவர். கடல், குன்று, கப்பலுகள், எல்லாம் அச்சொட்டு. எங்கட வீட்டை மட்டும் கீறேல்லை. நான் கேக்க, சிரிச்சுப்போட்டுப் போயிட்டார்."



"தவம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு வெளிக்கிடும். இப்பவே."

"இந்த நேரத்திலயோ? அடுப்பில சோறு கிடக்கப்பா."

"கிடக்கட்டும்."

 அவள் ரிசீவரை வைக்காமலே, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.