தொழுவத்தில் பசு இல்லை

சென்ற வாரம் பெல்மதுளைச் சந்தியில், ஒரு கடை வாசலில் கூரைத் தகரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். புதுத் தகரத்தில் மழை விழும் ஓசை கேட்டதும் குடையை விரிக்கவும் மறந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்பதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே சொல்வேன். என் எழுத்தால் ஒருத்தியின் கூரை போயிற்று; அதில் அழகுக்காக ஒரு சொல்லைக் கூட்டுவதும் முறையன்று.

பல ஆண்டுகளுக்கு முன் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புது உத்தியோகத்தர். தோட்டங்களில் பசு வளர்ப்போர் தொழுவத்தைத் திருத்திக்கொள்ள அரசாங்கம் சீமெந்தும் தகரமும் கொடுத்தது. கட்டி முடித்ததைப் பார்த்து எழுதுவது என் வேலை. அளவு நாடாவை வாள்போல ஏந்திச் செல்வேன். உண்மையில் எனக்குப் பசுவென்றால் பயம். அது திரும்பிப் பார்த்தாலே நாடாவைச் சுருட்டிவிடுவேன். சாணமும் ஈரச் சீமெந்தும் கலந்த அந்நாளைய மணம் இன்னும் போகவில்லை. எங்கே புதுத் தரை பூசினாலும் என் மூக்கு சாணத்தைத் தேடுகிறது.

குருவிட்டவுக்கு அப்பால் ஓர் இறப்பர்த் தோட்டத்தில், சந்திரா என்பவளின் தொழுவத்தில் மட்டும் சாணம் மணக்கவில்லை. சாம்பிராணி மணந்தது.

பக்கத்து வீட்டு முருகையா சிரித்தார். "மாடு லயத்துல, மனுசங்க பட்டியில மிஸ்! இனி காலைப் பெரட்டுல வேலைக்கு மாட்டுக்குத்தான் பேரு போடணும்."

உள்ளே சேலைத் தொட்டிலில் ஒரு சிசு. எதிரே, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், சந்திராவின் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் பசு நின்றது. ஓட்டைக் கூரையிலிருந்து ஒழுகிய நீர் அதன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. பசுவுக்கென நாங்கள் வற்புறுத்திய காற்றோட்டமும் வடிகாலும் அந்தக் காம்பிராவில் இல்லை. அதை அளந்துவர எவரும் சொன்னதில்லை, நானும் அளக்கவில்லை.

"பிள்ளைக்கு இருபது நாளுங்க மிஸ்," என்றாள் சந்திரா. "மாடு நனைஞ்சா தாங்கும். மழை விட்டதும் இங்கயே கட்டிர்றேன். எழுதிறாதீங்க."

"என்னால பொய் எழுதேலாது, சந்திரா."

"பொய் எழுதச் சொல்லலீங்க. இன்னிக்கு நீங்க இங்க வரலன்னு எழுதுங்க."

அதுவும் பொய்தானே என்று விளக்கினேன். எவ்வளவு பொறுமையாக விளக்கினேன் என்பதை நினைத்தால் இன்று கூசுகிறது. தரைச் சரிவு, வடிகால், காற்றோட்டம் எல்லாம் திருப்தி. பசு தொழுவத்தில் உள்ளதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். யார் இருக்கிறார்கள் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை, ஓரத்திலாவது எழுதியிருக்கலாம்.

அடுத்த மாதம் போனபோது நான்கு தூணும் நனைந்த தரையும் மட்டுமே எஞ்சியிருந்தன.

"மாடு கட்டலன்னு ஒங்க ஆபீஸ்காரங்க வந்து தகரத்தக் கழட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார் முருகையா. அன்று அவர் சிரிக்கவில்லை. "எழுதுனது நீங்கதானே மிஸ்?"

நான் காம்பிராப் பக்கம் நடந்தேன். காம்பிராக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பசுவும் இல்லை, மனிதரும் இல்லை.

இப்போது அந்த லயமே இல்லை. அங்கே இறப்பர்க் கன்றுகள் நிற்கின்றன. சந்திரா அரநாயக்கவுக்குப் போனாள் என்றார் ஒருவர். கொழும்புக்கு என்றார் வேறொருவர். இரண்டையும் நான் உறுதிப்படுத்தவில்லை. தகரம் கழற்றிய அன்று மழை பெய்ததா, பிள்ளையை எங்கே கிடத்தினாள் என்பதும் தெரியாது. அது ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை.