டார்ச் அக்கா தேர்ந்தெடுத்த விடுதி

பத்தொன்பது வருடமாக அடுத்தவர் படுத்தெழுந்த கட்டில்களோடு மல்லுக்கட்டியவள் அவள். ஒரு பெரிய விடுதியில் அறை சுத்தம் செய்யும் பெண்ணாகச் சேர்ந்து, முழங்கால் தேய்ந்த பிறகு மேற்பார்வையாளர் ஆனாள். மூன்றாம் மாடியும் நான்காம் மாடியும் அவள் பொறுப்பு. கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். அறை தயார் என்று பெண்கள் சொன்னதும் போய்க் கட்டிலுக்கடியில் அடித்துப் பார்ப்பாள். தூசியானாலும் சரி, யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறையானாலும் சரி, அவளிடமிருந்து தப்ப முடியாது. அதனால் டார்ச் அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

அவள் தொழிலில் அறைகள் இரண்டே வகை. ஆள் இன்னும் தங்கியிருந்தால் அது ‘ஸ்டே’. படுக்கையைச் சரிசெய்து, துண்டு மாற்றி, சாமான்களைத் தொடாமல் வந்துவிட வேண்டும். ஆள் கிளம்பிவிட்டால் ‘செக்-அவுட்’. எல்லாவற்றையும் உருவிப் போட்டு, இங்கே ஒருவர் இருந்தார் என்ற சுவடே இல்லாமல் ஆக்க வேண்டும். ஒரு தலைமுடிகூடக் கிடைக்கக் கூடாது. ஒரு படுக்கையை உருவிப் புதிதாக விரிக்க அவளுக்கு நாலு நிமிடம் போதும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்படிப்பட்டவள் ஒரு நாள்கூட விடுதியில் விருந்தாளியாகத் தங்கியதில்லை. விடுமுறை என்றால் உறவுக்காரர் வீடு. அங்கேயும் போனதும் போர்வை மடிக்க ஆரம்பித்துவிடுவாள். இந்த வருடம்தான் வீட்டுக்காரர் தைரியமாக வாயைத் திறந்தார்.

“நாலு நாள் எங்கேயாவது போய்த் தங்கலாம். பெரியவ காலேஜ் போயிட்டா, அப்புறம் நாலு பேரும் ஒண்ணா கிளம்பறது நடக்கிற காரியமா?”

அவர் டவுன் பஸ் ஓட்டுநர். யதார்த்தமாகச் சொன்னார். அவளுக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பெரியவளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. இரண்டு மாதத்தில் பட்டணத்துக் கல்லூரி, ஹாஸ்டல், பெட்டி, படுக்கை. வீட்டில் அதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அவளைத் தவிர. அவள் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய் அடுப்பைத் துடைப்பாள்.

எங்கே போவது என்று கேட்டதும் வீடு இரண்டாகப் பிளந்தது. பெரியவள் பட்டணம் என்றாள். நடு ஊரில், பதினெட்டு மாடி விடுதி. கீழே இறங்கினால் கடைத்தெரு, ரயில், புத்தகக் கடை. அவள் சேரப்போகிற கல்லூரி இரண்டே நிறுத்தம்.

“எப்படியும் அங்கதானே இருக்கப்போறேன். ஒருதரம் பாத்துட்டு வரலாமே?”

பதினாலு வயதுச் சின்னவனுக்கு நீச்சல் குளமும் வைஃபையும் இருந்தால் நரகமும் சம்மதம். எனவே அவனும் பட்டணக் கட்சி. வீட்டுக்காரரோ, “ஹாரன் சத்தம் கேக்காத இடமா இருந்தா போதும். நான் வருஷம் பூரா அதைத்தானே கேக்கறேன்,” என்று கிராமத்துக்கு ஓட்டுப் போட்டார். அவர் கண்டுபிடித்திருந்த கிராமத்து விடுதியில் ஆறே அறைகள், பின்னால் ஒரு குளம். சுற்றிலும் வயல்.

இரண்டுக்கு ஒன்று. கடைசி ஓட்டு விடுதித் தொழில் தெரிந்தவளுடையது. தீர்ப்பு அவள் கையில்.

அவள் மனதில் தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. பட்டணத்து விடுதி என்றால் காலையில் இறங்கின பிள்ளைகள் பொழுது சாயும்போதுதான் தலைகாட்டும். கிராமத்தில் எங்கே ஓட முடியும்? நாலு நாளும் கண் முன்னாலேயே கிடப்பார்கள். அவளுக்கு வேண்டியது அதுதான். மகள் போவதற்கு முன் முழுசாக நாலு நாள். ஆனால் இதை வாய்விட்டுச் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று பயந்தாள். தன் தொழிலைத் துணைக்கு அழைத்தாள்.

“இருங்க. ரெண்டு ஹோட்டலுக்கும் நானே போன் போட்டுக் கேக்கறேன். மூணே கேள்வி. எது நல்லதுன்னு தெரிஞ்சிடும்.”

ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை அறை செய்கிறார்? மெத்தையைக் கடைசியாக எப்போது திருப்பிப் போட்டீர்கள்? கட்டிலை நகர்த்திப் பெருக்குவீர்களா, நகர்த்தாமலா? இவைதான் அந்த மூன்று கேள்விகள். பட்டணத்து விடுதியில் போன் எடுத்த பெண் முதல் கேள்விக்குப் பதினெட்டு என்றாள், இரண்டாவது கேள்விக்குத் திணறினாள், மூன்றாவது கேள்விக்கு ‘காத்திருங்கள்’ இசையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கிராமத்தில் முதலாளியே எடுத்தார். மூன்றுக்கும் மூச்சுவிடாமல் பதில் சொன்னார். கடைசியில் ஏனோ குரலைத் தாழ்த்தி, “நீங்க எந்த ஆபீஸ்லேருந்து பேசறீங்க?” என்று கேட்டார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“பதினெட்டு ரூம் பண்ற ஆளுக்குக் கட்டிலுக்கடியில குனிய நேரம் எங்கேருந்து வரும்? அழுக்குலயா படுக்கப்போறோம்? கிராமம்தான்.”

பெரியவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். தொழில்காரி சொல்லும்போது எதிர்த்துப் பேச அவளிடம் என்ன இருக்கிறது? சரி என்றாள்.

கிராமத்து விடுதி நன்றாகத்தான் இருந்தது. முதலாளி நாலு பேருக்கும் சேர்த்துப் பெரிய அறையைக் கொடுத்தார். அவர் மனைவி வாசலுக்கே வந்து, “வாங்க மேடம், வாங்க மேடம்” என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். சமைப்பது, பெருக்குவது, துவைப்பது எல்லாமே அந்த அம்மாள்தான். இவ்வளவு மரியாதையா என்று டார்ச் அக்காவுக்கே கூச்சமாகப் போய்விட்டது.

ஆனால் பிள்ளைகள் கண் முன்னால் இருந்தார்களே தவிர அவளோடு இல்லை. சின்னவன் குளத்தில் கல் எறிந்தான், பிறகு கட்டிலில் கவிழ்ந்து கிடந்தான், பிறகு மறுபடியும் கல் எறிந்தான். அந்த இடம் முழுக்கத் தேடிப் பார்த்ததில் சமையலறைக்குப் பின்னால் ஒரு குட்டைச் சுவரில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. பெரியவள் அதில் ஏறி உட்கார்ந்தவள் சாப்பிடத்தான் இறங்கினாள். வீட்டுக்காரர் மட்டும் மரத்தடி நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கினார். அவர் பாடு யோகம்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவள் கை அரிக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் பல் துலக்கப் போன நேரத்தில் கட்டிலை விரித்தாள், மூலைகளை மடித்துச் செருகினாள், தலையணை உறையின் வாய் கதவுப் பக்கம் தெரியாமல் திருப்பி வைத்தாள். குளியலறைக் குழாயைப் பளபளவென்று துடைத்தாள். டாய்லெட் பேப்பரின் நுனியைக்கூட முக்கோணமாக மடித்துவிட்டாள். பிள்ளைகள் எழுந்ததும் அவர்கள் கட்டில்களுக்கும் அதே கதி. கடைசியாக மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள். பார்த்தாள். வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் ஆறு அறையின் திரைச்சீலைகளும் துவைத்துக் கொடியில் ஆடின. மூன்றாம் நாள் காலையில் இவர்கள் மேஜைக்கு மட்டும் பழத்தட்டு வந்தது. சின்னவனுக்குக் கேட்காமலே மூன்றாவது முட்டை. “இந்த ஊரு எனக்குப் பிடிச்சுப்போச்சும்மா” என்றான் அவன், வாய் நிறைய. சோற்றைக் கண்ட இடம் சொர்க்கம் அவனுக்கு.

நன்றி சொல்லலாம் என்று டார்ச் அக்கா பின்பக்கம் போனாள். பெரியவள் வழக்கம்போலச் சுவர்மேல் இருந்தாள். முதலாளியின் மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“மேடம், ஏதாவது குறை இருந்தா எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிடுங்க. சரி பண்ணிடறேன்.”

“எழுதறதா? எதை எழுதறது?”

“ரெண்டு மாசம் முன்னாடி நட்சத்திரத் தரத்துக்கு மனு போட்டோம் மேடம். ஆய்வு பண்றவங்க சொல்லாம, குடும்பமா வர்ற மாதிரி வருவாங்கன்னாங்க. நீங்க போன்ல கேட்டப்பவே இவருக்குப் புரிஞ்சிடுச்சு. டார்ச்சைப் பாத்ததும் எனக்கும் புரிஞ்சிடுச்சு. ரெண்டு நாளா நான் கண்ணே மூடல.”

டார்ச் அக்காவுக்கு எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிவிட்டது. ஆய்வு வருகிறது என்றால் ராத்திரித் தூக்கம் எப்படிப் போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பத்தொன்பது வருடம் தான் பட்ட பயத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து இன்னொருத்தி தலையில் இறக்கியிருக்கிறாள்.

“ஐயோ, நான் ஆபீசரும் இல்ல, மேடமும் இல்லம்மா. நானும் ஹோட்டல்ல கட்டில் விரிக்கிறவதான். பழக்க தோஷம். மன்னிச்சிடு.”

அந்த அம்மாள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

“நல்லா இருக்குக்கா. ஆறு ரூம் திரையையும் துவைச்சேன். லீவுக்கு வர்றவங்க யாராவது டார்ச்சோட வருவாங்களா? நிஜமாச் சொல்லுங்க, இங்க எதுக்குத்தான் வந்தீங்க?”

பொய் சொல்ல அவளுக்கு அதற்குமேல் தெம்பில்லை. பெரியவள் போனை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

“இவ படிக்கப் போறா. இனிமே வீட்டுக்கு வந்தாலும் விருந்தாளி மாதிரிதான் வருவா. அதுக்குள்ள நாலு நாள் பக்கத்துல வச்சுக்கணும்னு இருந்துச்சு. இங்கன்னா ஓட முடியாதுல்ல?”

பெரியவள் சுவரிலிருந்து இறங்கி வந்தாள். கோபப்படுவாள் என்று அம்மா நினைத்தாள். அவள் கோபப்படவில்லை.

“இதை வீட்டிலயே சொல்லியிருக்கலாமேம்மா. உன்னோட மூணு கேள்வியை நாங்க நம்பிட்டோம்.”

“சொன்னா அழுதுடுவேன்டி.”

“அழுதா என்ன? இப்பவும்தான் அழறே.”

அப்போதுதான் தன் கன்னம் நனைந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அன்று முழுக்கப் பெரியவள் சுவரில் ஏறவில்லை. குளத்தங்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஹாஸ்டலுக்கு என்னென்ன வேண்டும் என்று பேசினார்கள். வாளி பெரியதா சின்னதா என்பதில் சண்டையும் போட்டார்கள். கொடியில் உலர்ந்த திரைகளை அம்மாவும் மகளும் சின்னவனும் சேர்ந்து மாட்டிக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் அவள் கேட்ட நாலு நாளுக்குச் சமமாக இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவளாகவே சொன்னாள். “ஏங்க, நாளைக்கு இங்கேருந்து கிளம்பி அந்தப் பட்டணத்து ஹோட்டலுக்குப் போகலாமா? லீவை ஒரு நாள் நீட்டிச்சு ரெண்டு ராத்திரி இருந்துட்டுப் போலாம்.”

“பதினெட்டு ரூம் பண்ற ஆளு குனிய மாட்டாங்களே?” என்றார் அவர்.

“குனியாட்டி போகுது. இவ காலேஜுக்குப் போற வழியைப் பாக்கணும்ல.”

பட்டணத்து விடுதியின் பதினோராம் மாடி. பெரிய கட்டில் ஒன்று, சின்னக் கட்டில்கள் இரண்டு. மறுநாள் காலை சின்னவன் அப்பாவை இழுத்துக்கொண்டு நீச்சல் குளத்துக்கு ஓடினான். பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றாள்.

“அம்மா, நான் மட்டும் தனியா காலேஜ் வரைக்கும் போயிட்டு வரட்டுமா? ரெண்டு ஸ்டாப்தான். மத்தியானம் எல்லாரும் சேர்ந்து போலாம். ஒருதரம் தனியாப் போய்ப் பாக்கணும்போல இருக்கு.”

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“போயிட்டு வா.”

கதவு சாத்திக்கொண்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கை பரபரத்தது. கலைந்த மூன்று கட்டில்களும் அவளைக் கூப்பிட்டன. முதலாளியின் மனைவியின் சிவந்த கண்களை நினைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தள்ளுவண்டியோடு ஒரு பெண். கையில் அறைகளின் பட்டியல், இடுப்பில் சாவிக்கொத்து. முழங்காலை லேசாகத் தேய்த்துக்கொண்டாள். பதினெட்டு அறையில் இது எத்தனாவதோ.

“மேடம், செக்-அவுட்டா, இன்னும் இருக்கீங்களா?”

“இருக்கோம்மா. நீங்க செய்யுங்க.”

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அவள் உட்கார்ந்தபடி இன்னொருத்தி வேலை செய்வதைப் பார்த்தாள். மூலை மடிப்பு சுமார்தான். தலையணையின் வாய் கதவுப் பக்கம் இருந்தது. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. பெரிய கட்டில் முடிந்தது, சின்னவன் கட்டில் முடிந்தது. அந்தப் பெண் ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். போர்வை பாதி தரையில் கிடந்தது. தலையணை நடுவில் குழிந்திருந்தது. அதில் ஒரு ஹேர்பின்னும் நீளமான ஒரு தலைமுடியும் இருந்தன. பெண்ணின் கை போர்வையைப் பிடித்தது. அந்தக் கைக்கு நாலு நிமிடம் போதும் என்று டார்ச் அக்காவுக்குத் தெரியும்.

“அதை மட்டும் விட்டுடுங்கம்மா.”

“ஏன் மேடம், ஏதாவது தப்பா?”

“தப்பு ஒண்ணும் இல்ல. என் பொண்ணு படுத்த கட்டிலு. வெளிய போயிருக்கா, வந்துடுவா. அது வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்.”