முப்பத்தாறு படங்களும் ஓர் இடிந்த கோட்டையும்

அக்காவும் நானும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். அக்கா லண்டனில், நான் ஆக்லாந்தில். எண்பதுகளின் கடைசியில் நானும் கணவரும் லண்டன் போனபோது ஒருவழியாக அக்காவுடன் மூன்று நாள் கிடைத்தது. இரண்டு நாள் அவளுக்கு வேலை. இருட்டித்தான் வருவாள், எங்கள் கமராவிலோ ஃபிளாஷ் இல்லை. மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமையை என் கணவர் ஒரு பழங்காலக் கோட்டைக்குத் தாரைவார்த்தார்.

கோட்டை என்றால் நாலு குட்டிச்சுவர், காகம், சேறு. இவர் ஒவ்வொரு கல்லையும் கும்பிடாத குறை.

"இஞ்சை பாரும், அம்பு விடுற துவாரம்!" கிளிக். "இது குசினியாம், அடுப்பைப் பாரும்!" கிளிக்.

தூறலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற நாங்கள் இருவரும் அவர் கண்ணில் படவே இல்லை. கேட்டால், "ஓம் ஓம், வெளிச்சம் வரட்டும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் இடிந்த தேவாலயம். வாசலில் அக்கா சப்பாத்தைக் கழற்றினாள், நானும் கழற்றினேன்.

"உள்ளுக்குப் புல்லெல்லோ முளைச்சுக் கிடக்கு, ஏன் கழட்டுறியள்?" என்று இவர் சிரித்தார்.

"கூரை போனாலும் கோயில் கோயில்தானே" என்றாள் அக்கா.

கால் விறைத்து வெளியே வந்து, "இப்பவாவது எங்களை எடுங்கோ" என்றேன். ஃபிலிம் முடிந்துவிட்டதாம். கடைகள் பூட்டு, விடிந்தால் விமானம். ஆக்லாந்து வரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை.

எங்கள் பகுதியான த்ரீ கிங்ஸில், ஃபிலிம் கழுவித் தரும் மருந்துக்கடையில் படங்களை வாங்கி, காருக்குள்ளேயே பிரித்தேன். முப்பத்தைந்தும் கல். கடைசியில் தேவாலய வாசற்படி, அதன்மேல் எங்கள் இரண்டு சோடிச் சப்பாத்து.

"படி எப்பிடித் தேய்ஞ்சிருக்கு பாரும்" என்றார் பெருமையாக.

ஆத்திரத்தில் அதையே அம்மாவுக்கு அனுப்பினேன். பின்பக்கத்தில், 'உங்கள் மருமகனின் திறமை' என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'இடப்பக்கம் இருப்பது உன்னுடையது. குதி இன்னும் ஒருபக்கமாய்த் தேய்கிறது. காலை இழுத்து நடக்காதே என்று எத்தனை தரம் சொன்னேன்? அக்கா இப்பவும் நாடாவை அவிழ்க்காமல்தான் கழற்றுகிறாள். சப்பாத்து என்பதால் சாமியறையில் வைக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.'

நான் அழுதுகொண்டிருந்தேன். இவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பாத்தீரே, நல்ல படம்" என்றார்.