அவளைக் கேட்காமல் சொன்ன பதில்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதிப் பழக்கமில்லை. படிக்கிறவர்களின் நேரத்தை வீணாக்குகிறேனோ என்ற கூச்சத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை நேரில் யாரிடமாவது சொல்லிவிடலாம் என்று பலமுறை பார்த்தேன். முடியவில்லை. எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும்.

பம்பாயில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறேன். குடியிருப்பது தாராவி. கடை முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

நான் சொல்ல வந்தது அறுபத்து மூன்றாம் வருஷம் தொடங்கியது. வைகாசி பிறந்தால் கசாராப் பக்கத்துக் காட்டிலிருந்து ஓர் ஆதிவாசிப் பெண் காலை ரயிலில் வருவாள். என் வயதுதான் இருக்கும். கூடையில் ஈரத்துணிக்குக் கீழே ஒரு காட்டுப்பூ. மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வளரும் செடி அது. வெள்ளையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னப் பூக்கள் ஒரே தண்டில் நெருங்கி, ஒரு சாணுக்கு மேல் தொங்கும். மராட்டிக்காரர்கள் சீதையின் சடை என்று சொல்லிக் கொண்டையில் சுற்றிக்கொள்வார்கள். ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சடை தைக்கும்போது நான் இதில் இரண்டு தண்டு சேர்த்துத் தைத்தேன். அதிலிருந்து மாட்டுங்கா மாமிகளும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவள் தண்டை மட்டும் நகத்தால் கிள்ளி எடுப்பாள். செடி மரத்திலேயே இருக்கும். மரத்துக்கு ஒரு தண்டை விட்டுவிட்டு வருவதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"விதை பறக்க வேண்டாமா, அண்ணா? அடுத்த வருஷமும் நான்தானே ஏறணும்?"

நாங்கள் பேசியது பம்பாய் இந்தி. தமிழில் எழுதுகிறேன். மழை இறங்கி வயல் வேலை தொடங்கும்வரை அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தப் பூவால்தான்.

செடியாகவே வேண்டும் என்று முதலில் கேட்டவர் ஒரு பாலக்காட்டு மாமி. "பால்கனியில வச்சா வருஷா வருஷம் நம்மாத்துலயே பூக்குமோன்னோ?" என்றார். அண்ணாச்சி உடனே ஒப்புக்கொண்டார். அவளிடம் கேட்கிற வேலை எனக்கு வந்தது. அண்ணாச்சிக்குத் தெரிந்த இந்தி அதட்டுவதற்கு மட்டும்தான் உதவும்.

அவள் முதலில் மாட்டேன் என்றாள். இரண்டு நாள் கழித்து ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். "மண்ணு ஆகாது, அண்ணா. கட்டையில கட்டித் தொங்க விடச் சொல்லு. வேர் காத்துல இருக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

நான் மாமியிடம் அதைச் சொல்லவில்லை. செடியை நீட்டியபோது மாமியோடு இன்னும் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

மாமி அதைத் துளசித் தொட்டியில், துளசிக்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டார். சீதையின் பெயர் கொண்ட செடியை வேறு எங்கே வைப்பார்? செம்மண், சாணம், தினமும் குளித்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர். ஒரு மாதத்தில் அழுகிவிட்டது.

"என்னப்பா இது, நித்யம் ஜலம் விட்டேன், பிரதட்சிணம் பண்ணினேன், கறுத்துப் போயிடுத்தே!"

"நீங்க சுத்தின சுத்துல அதுக்குத் தலை சுத்தியிருக்கும் மாமி," என்றார் அண்ணாச்சி. "வேற தாரேன்."

மாமியும் சிரித்துவிட்டார். அவர் போன பிறகு, "மண்ணுல வச்சா வராதாம், அண்ணாச்சி" என்று மெல்லச் சொன்னேன்.

"தெரியும் வே. அது பிழைச்சுக்கிட்டா அப்புறம் நம்ம கடைக்கு எவ வருவா?"

மறு வருஷம் அந்த மாமியின் கட்டடம் முழுக்கச் செடி கேட்டது. அங்கிருந்து செம்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எல்லார் வீட்டிலும் துளசித் தொட்டி இருந்தது. நான் கொடுத்த செடிகள் அந்தத் தொட்டிகளில் அழுகின. அவர்களே திரும்ப வந்து வேறு வாங்கினார்கள். நானே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். நினைத்து நினைத்தே அலுத்துப் போனேன்.

மூன்றாம் வருஷம் அவள் கூடையில் தண்டுகள் குறைந்து செடிகள் கூடின. கிளையோடு வெட்டி எடுத்திருந்தாள். "ரயில் பக்கத்து மரமெல்லாம் முடிஞ்சுது. இனி எங்க சாமி காட்டுலதான் இருக்கு. அங்க சுள்ளி கூட யாரும் எடுக்க மாட்டோம்" என்றாள். இதை நான் சும்மா பேச்சுவாக்கில் அண்ணாச்சியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அந்த வாரம் செம்பூரில் ஒரு புதுமனை புகுவிழா. வாசலில் தொங்கவிட ஒரு டஜன் செடி வேண்டும் என்று ஆள் வந்தது.

"அந்தச் சாமி காட்டுல எடுப்பாளான்னு கேளும் வே."

அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மழை எப்போது வரும் என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்து, "மாட்டாளாம்" என்றேன். அண்ணாச்சியிடம் நான் சொன்ன முதல் பொய் அது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே அண்ணாச்சி வேறொரு கூடைக்காரியிடம் சொல்லிவிட்டார். அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான். வாழை இலை கொண்டுவருகிறவள்.

இரண்டு நாள் கழித்துக் காட்டுப்பூக்காரி வந்தபோது, ஸ்டேஷன் படியிலேயே அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"என்னைக் கேட்டியா?"

"நீ மாட்டேன்னுதானே சொல்லியிருப்பே..."

"மாட்டேன்னாலும் நான் சொல்லணும், போறேன்னாலும் நான் சொல்லணும். நான் போயிருந்தா சாமிகிட்ட சொல்லிட்டு, கைக்கு எட்டுறதுல நாலு எடுத்திருப்பேன். அதுக்கு மேல இல்லைன்னு உன் சேட்டுகிட்ட சொல்லியிருப்பேன். அந்த இலைக்காரி கோடாரியோட போவா. கிளை கிளையா இறக்குவா. அப்புறம் எனக்கு எங்க பூ?"

நான் குனிந்து அவள் கூடையைத் தூக்கப் போனேன்.

"உன் சேட்டு முன்னால மூணு வருஷமா வாயே திறக்காத ஆளு நீ," என்றாள். "திறந்ததும் என் பேச்சைத்தான் பேசணுமா?"

நேராக அண்ணாச்சியிடம் போனாள். தானே நாலு செடி கொண்டுவருவதாகவும், மற்றவளை நிறுத்தும்படியும் சொன்னாள். "சொன்னது சொன்னதுதான். நாலை வச்சு என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி, தமிழிலேயே. நான் அதை அவளுக்கு இந்தியில் சொன்னேன். அதை மட்டும் சரியாகச் சொன்னேன்.

கேட்டிருந்தால் சாமி காட்டில் கை வைக்கச் சொன்னவனாக ஆகியிருப்பேன். கேட்காததால் இப்படி ஆயிற்று. எது குறைந்த பாவம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மூன்று பெண்கள் நின்ற அன்றைக்கு மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு செடியோடு முடிந்திருக்குமோ, என்னவோ.

மறுநாள் காலை ரயிலில் வாழை இலைக்காரி இரண்டு சாக்கு கொண்டுவந்தாள். பதினான்கு செடிகள். வெட்டிய இடத்தில் கிளைகள் ஈரமாக இருந்தன. அண்ணாச்சி இறக்கி வைக்கச் சொன்னார். இறக்கி வைத்தேன்.