பரசுராமன் கழனியை விட்டுப் போனது

ஆரணிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருந்த பரசுராமன், 1971 தை மாதம் தன் ஒரே மகள் சந்திரகலாவைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. மறுவாரம் நவரைப் பயிருக்குத் தண்ணீர் கட்டப் போனவர், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினான்கு வயதில் அப்பா ஏரைக் கையில் கொடுத்தார். இருபத்தொன்றில் பெண் பார்த்து முடித்தார். எதையும் யாரும் அவரைக் கேட்டுச் செய்ததில்லை. மனைவி லட்சுமியம்மாள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

ஒரு மாதம் கழனிக்குப் போவதும் வரப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதுமாக இருந்தார். பிறகு ஒருநாள் காலை இரண்டு வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு, நெல்லூர் ரோட்டிலுள்ள புதுவாயலில் லாரிக்குக் கிளீனராகப் போகிறேன் என்றார். வேறு பெண் யாராவது உண்டா என்று லட்சுமியம்மாள் கேட்டாள். இல்லை என்றார்.

"அப்போ என்கிட்ட இன்னாய்யா கொறை?"

"உன்கிட்ட ஒண்ணுமில்ல. எனக்கே சொல்லத் தெரியல."

லாரி செங்கல் ஏற்றிக்கொண்டு நெல்லூர்வரை போகும். டிரைவருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் டீ வாங்கிவர இவரைத்தான் அனுப்புவான். ஆந்திர எல்லையில் தடா தாண்டி, முகத்தில் காற்றடிக்கப் போகும்போது பரசுராமனுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுவதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கார்த்திகையில், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த சந்திரகலா, நிறைமாத வயிற்றோடு பஸ் ஏறிப் புதுவாயல் வந்தாள்.

"நீ செத்துப்போயிருந்தா அழுதுட்டு உட்டிருப்பேன் நைனா. உயிரோட இருக்கறப்போ ஊர்ல இன்னான்னு சொல்றது?"

தையில் அறுப்புக்கு ஊருக்குப் போனார். தன் காலத்தைவிடக் கதிர் நன்றாகப் பிடித்திருந்தது. லட்சுமியம்மாளே ஆள் வைத்து, புது ரக நெல் போட்டிருந்தாள். கதிர் நன்றாக இருப்பதை அவளிடம் சொல்லவும் செய்தார். அவள் சோறு போட்டாள்.

"வரணும்னா வா, போவணும்னா போ. கழனிய மட்டும் இனிமே நான் பாத்துக்கறேன்."

அதில் கோபமே இல்லை. அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கைகழுவினார்.

பிறகு கடைசிவரை அவர் புதுவாயலில், அவள் ஊரில் என்றுதான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, சந்திரகலா வந்திருந்தால் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவார். இருக்கச்சொல்லி லட்சுமியம்மாள் கேட்கவில்லை. இருக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்த இருபத்தைந்து வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்த ஞாயிறுகளில் இருவரும் பேசினார்கள் என்று சந்திரகலா சொல்வாள்.