குழிக்கரைக் கொசுவும் திருவிருந்துக் கோப்பையும்

அம்மை வராமலிருக்க ஊசியால் அச்சு குத்துவது என் உத்தியோகம். சர்க்கார் சம்பளத்தில் குத்துகிறவனைக் கண்டால் ஊர் ஓடும், சும்மா குத்துகிற கொசுவைக் கண்டு ஒருவரும் ஓடுவதில்லை.

கொசு கடிக்கிறது என்று பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை சகலரும் நம்புகிறார்கள். இது மிகப் பெரிய பிழை. கொசுவுக்குப் பல் கிடையாது, குத்தி உறிஞ்சுகிறது. குத்திய இடம் அரிக்கும், நாம் சொறிவோம், நகத்து அழுக்கிலுள்ள கிருமி உள்ளே போகும், புண் சீழ் வைக்கும். ஆகவே பாதிக் குற்றம் நம் விரலுடையது. ஊர் ஊராகப் புத்தி சொல்லிப் பிழைக்கும் என் இனத்தாரே, நீங்களும் சொல்லியிருப்பீர்கள். யார் கேட்டார்கள்?

குழி

திருப்புறத்தில் எங்கள் சபை மூப்பர் யேசுவடியானுக்குத் தேங்காய்த் தொண்டு, அதாவது உரித்த மட்டை, அழுகப்போடும் குழிகள் உண்டு. அழுகிய தொண்டைத் தடியால் தல்லி நாரெடுக்கும் பெண்களில் தாயம்மை ஒருத்தி; புருஷன் இல்லாதவள். முட்டளவு கறுத்த தண்ணீரில் நிற்பாள். கரையேறினால் கொசு மொய்க்கும். கணுக்கால் முழுதும் சொறிந்த புண்.

கொசுப்புழு சாகக் குழியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடும்படி மூப்பரிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாரு நாறிப்போவும் தம்பி. கொசுவும் கர்த்தர் படச்சதாக்கும்."

பிரசங்கம்

அந்த மழைக்காலத்தில் திருவனந்தபுரத்து டாக்டர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் வியாதிகளைப் பற்றிப் பேசினார். குஷ்டரோகியைக் குத்திய கொசு அடுத்தவனுக்கும் நோயைக் கொண்டுபோகலாம் என்று சிலர் எண்ணுவதாகச் சொன்னார். நிச்சயமில்லை என்பதை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். அது பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டது. மற்றது அன்றைக்கே ஊர் சேர்ந்தது.

எல்லாரும் தாயம்மையின் காலைப் பார்த்தார்கள். நான் வீடுவீடாகப் போய், குஷ்டமென்றால் தோல் மரத்துப்போகும், இவளோ ஊசியால் தொட்டால் துள்ளுகிறாள் என்று விளக்கினேன். அவளோடு தொண்டு தல்லுகிறவளே கேட்டாள்: "இப்பம் துள்ளுவா. நாளைக்கும் துள்ளுவான்னு நீரு எழுதித் தருவீரா?"

சிரட்டை

எங்கள் கோயிலில் திருவிருந்துத் திராட்சரசத்துக்கு ஒரே கோப்பைதான். வரிசை வரிசையாக வாய்மாறிப் போகும். சாதி பார்த்து எட்ட நிறுத்தித் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வார்க்கப்பட்டவர்களின் மக்கள் நாங்கள். ஒரே பாத்திரத்தில் குடிக்கலாம் என்பதற்காகவே பலர் வேதத்தில் சேர்ந்தோம். தாயம்மைக்கு வேறு பெருமை எதுவும் இல்லை. அந்த ஒரு வாய்க்காக ஒரு சேலையை வெளுத்துத் தனியே வைத்திருப்பாள்.

டாக்டர் பேசிய பின் வந்த திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை மூப்பர் அவளைத் தடுத்து, கையில் ஒரு சிரட்டையைக் கொடுத்தார். நன்றாகச் சுரண்டிக் கழுவிய புதுச் சிரட்டை. அவமானத்திலும் சுத்தம் பார்த்திருந்தார். அவள் அதைப் பெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தாள். "எங்க அப்பன் இது வேண்டாம்னு சொல்லியாக்கும் இந்தக் கோயிலுக்கு வந்தது, மூப்பரே."

சாட்சி

அவளை நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். குஷ்டமில்லை என்றார்கள். நகத்தை வெட்டி, வேப்பிலை வெந்த தண்ணீரில் கழுவித் துணி சுற்றியதில், அடுத்த திருவிருந்துக்கு முன்பே புண் ஆறிவிட்டது. இதற்கிடையில் மூப்பருடைய மருமகளுக்கும் காலில் அதே புண் வந்தது. அதற்குக் கொசுக்கடி என்று பெயர் வைத்தார்கள். முன் வரிசையில் உட்காரவும் வைத்தார்கள்.

சபை கூடியபோது இரண்டு கால்களின் சரித்திரத்தையும் கொஞ்சம் விஸ்தாரமாகவே எடுத்துச் சொன்னேன். அதில் எனக்கு ஒரு சிறிய சந்தோஷமும் இருந்தது. மூப்பர் கோபிக்கவில்லை. "மருமவ குழியில எறங்கல்லியே தம்பி."

சிரட்டையை நீக்கிவிட்டார்கள். அன்று முதல் எங்கள் கோயிலில் கோப்பை இரண்டு: ஒன்று சபையாருக்கு, மற்றது குழியில் இறங்குகிறவர்களுக்கு.